பி2 கட்டத்தின் நச்சுச் சிப்பாய்

சதுரங்கத்தில் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளைத் தொடக்க ஆட்டம் என்பர். காய்களை ஒழுங்காக வெளியே கொண்டுவந்து, கேஸ்லிங் மூலம் ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்திய பிறகே சண்டையைத் தொடங்கும் நிதானம் பெரும்பாலான தொடக்க ஆட்டங்களுக்கு உண்டு. அந்த நிதானத்தை முற்றிலும் புறக்கணித்து, எட்டாவது நகர்விலேயே ராணியைத் தனியாக எதிரியின் வீட்டுக்குள் அனுப்பி, ஒரே ஒரு சிப்பாயை வெட்டிக்கொள்ளும் கிளை ஒன்று சிசிலியன் தற்காப்பில் இருக்கிறது. வெட்டப்படும் அந்தச் சிப்பாய் நிற்கும் கட்டம் பி2. அதை உண்டவர் பலர் பிழைக்கவில்லை என்பதால் ஆட்டக்காரர்கள் இதற்கு நச்சுச் சிப்பாய் என்று பெயரிட்டனர்.

பலகையின் எட்டு நெடுவரிசைகளை ஏ முதல் எச் வரையிலான எழுத்துகளாலும், குறுக்கு வரிசைகளை 1 முதல் 8 வரையிலான எண்களாலும் குறிக்கும் வழக்கப்படி இதன் பாதை பின்வருமாறு அமைகிறது. வெள்ளை ஈ4 என்று தொடங்க, கறுப்பு சி5 என்று பதிலளிப்பதே சிசிலியன் தற்காப்பு. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வர, கறுப்பு டி6 ஆட, வெள்ளை டி4 தள்ள, சிப்பாய்கள் மாறிக்கொண்டு வெள்ளைக் குதிரை டி4-இல் அமர்கிறது. அடுத்துக் கறுப்புக் குதிரை எஃப்6-க்கும் வெள்ளையின் மற்றொரு குதிரை சி3-க்கும் வந்த பின், ஐந்தாவது நகர்வாகக் கறுப்பு ஏ6 என்று ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் தள்ளுகிறது. பார்வைக்குச் சோம்பலாகத் தோன்றும் இந்த நகர்வு, வெள்ளைக் காய்கள் பி5 கட்டத்தில் வந்து அமர்வதைத் தடுத்து, பின்னால் பி5 என்று தானே முன்னேறவும் வழி வைத்திருப்பதால், உலகின் மிக ஆழமாக ஆராயப்பட்ட தற்காப்புகளுள் ஒன்றுக்கு அடித்தளம் ஆயிற்று.

ஏ6 நகர்வில் பிறக்கும் இந்தத் தற்காப்பு வகைக்குப் பெயர் தந்தவர் மிகேல் நைடார்ஃப். 1910-இல் போலந்தில் பிறந்த அவர், 1939-இல் பியூனஸ் அயர்ஸ் ஒலிம்பியாடில் ஆடிக்கொண்டிருந்தபோது உலகப் போர் மூண்டதால் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார். யூதர்களான அவர் குடும்பத்தார் போலந்தில் நாஜிகளின் கைகளில் மாண்டனர். 1947-இல் சாவோ பாலோ நகரில் பலகையைப் பாராமலே ஒரே நேரத்தில் 45 பேருடன் ஆடிச் சாதனை படைத்தார்.

நைடார்ஃப் வகையில் ஆறாவது நகர்வாக வெள்ளை மந்திரி ஜி5-க்கு வந்து எஃப்6 குதிரையைக் குறிவைக்க, கறுப்பு ஈ6 ஆடிக் குதிரைக்குப் பின்னால் ராணியின் துணையை வைக்கிறது; வெள்ளை எஃப்4 என்று தாக்குதலுக்குக் கொடி ஏற்றுகிறது. இங்கேதான் கறுப்பு ராணி பி6-க்குச் செல்கிறது. ஜி5-க்குச் சென்றுவிட்ட மந்திரி முன்பு காத்துவந்த பி2 சிப்பாய் இப்போது துணையின்றி நிற்பதை அந்த ராணி பார்க்கிறது. வெள்ளை அதைப் பொருட்படுத்தாமல் தன் ராணியை டி2-க்குக் கொண்டுவர, எட்டாவது நகர்வில் கறுப்பு ராணி பி2 சிப்பாயை வெட்டுகிறது.

ராணியை அவசரமாக வெளியே கொண்டுவராதே, அதிலும் பி2 சிப்பாய்க்கு ஆசைப்படாதே என்பது புதிதாக ஆடக் கற்பவருக்கு முதலில் சொல்லப்படும் பாடம். பாடத்துக்குக் காரணம் உண்டு. எலிப்பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லில் நஞ்சு ஏதும் இல்லை, அதைத் தின்ன எலி உள்ளே இருக்கும் நேரம்தான் ஆபத்து; பி2 சிப்பாயின் கதையும் அதுவே. ராணி உள்ளே வந்து, வெட்டி, பிறகு வெளியேறுவதற்குள், ஒரு காயை நல்ல கட்டத்துக்குக் கொண்டுவரத் தேவைப்படும் நகர்வு என்ற அளவில் ஆட்டக்காரர்கள் எண்ணும் நேரத்தை, கறுப்பு இழந்துகொண்டே போகிறது. ஒன்பதாவது நகர்வில் வெள்ளை யானை பி1-க்கு வந்து ராணியை விரட்ட, அது ஏ3-க்கு ஒதுங்கிய நிலையில் எண்ணிப் பார்த்தால், வெள்ளைக்கு இரு குதிரைகள், ஒரு மந்திரி, ராணி, யானை என ஐந்து காய்கள் களத்தில் இருக்க, கறுப்புக்கு ஒரு குதிரையும் ஊர் சுற்றும் ராணியும் மட்டுமே உள்ளன. கறுப்பு ராஜா இன்னும் நடுப்பலகையிலேயே நிற்கிறார்.

இவ்வளவுக்கும் ஈடாகக் கறுப்பு பெற்றது வெறும் ஒரு சிப்பாய் என்று கருதுவது தவறு. பி2 சிப்பாய் சி3 குதிரைக்குத் தாங்கலாகவும், ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்ய விரும்பும் வெள்ளை ராஜாவுக்குத் திரையாகவும் இருந்தது. அது போனபின் அந்தப் பக்கம் வெள்ளைக்குப் பாதுகாப்பான வீடாக இராது. ஏ3-இல் நிற்கும் கறுப்பு ராணியும் சும்மா நிற்கவில்லை. சி3 குதிரை மீதும் ஏ2 சிப்பாய் மீதும் ஓயாமல் கண் வைத்திருப்பதால் வெள்ளைக் காய்கள் தம் விருப்பம்போல் தாக்குதலுக்குப் போய்விட முடிவதில்லை.

இந்தக் கிளையின் உயிர் ஏ3 என்னும் ஒரு கட்டத்தில் இருக்கிறது. எட்டாவது நகர்வில் வெள்ளை ராணியை நகர்த்துவதற்குப் பதிலாக ஏ3 என்று சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தால், பி2-வை வெட்டும் கறுப்பு ராணியை, சி3 குதிரை ஏ4-க்குத் தாவி உடனே சிறைப்படுத்திவிடும். பக்கத்தில் உள்ள ஒரே வாசலைச் சிப்பாய் அடைத்துவிட்டதால், ராணி எந்தக் கட்டத்துக்குச் சென்றாலும் வெட்டுப்படும். அதே ஏ4 தாவலை வெள்ளை ராணி டி2-இல் இருக்கும் முதன்மை நிலையில் ஆடினால் ஒரு பயனும் இல்லை, ஏனெனில் ராணி ஏ3 வாசல் வழியே அமைதியாக வெளியேறிவிடும். ஒரு சிப்பாய் ஒரு கட்டம் முன்னால் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து, ஒரே வெட்டு ஒரு நிலையில் நியாயமான ஆட்டமாகவும் மற்றொன்றில் படுதோல்வியாகவும் மாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் தொடக்க ஆட்டங்களில் அரிது.

வெள்ளையின் தாக்குதலுக்கு இரண்டு பெரிய வழிகள் உள்ளன. எஃப்5 என்று சிப்பாயைத் தள்ளி ஈ6 சிப்பாயை உடைத்து, நடுவில் நிற்கும் ராஜாவை நோக்கிப் பாதைகளைத் திறப்பது ஒன்று. ஈ5 என்று தள்ளி எஃப்6 குதிரையை விரட்டுவது மற்றொன்று. இரண்டிலும் வெள்ளை காய்களைப் பலி கொடுத்துக்கொண்டே போக, கறுப்பு பலவற்றை வாங்கிக்கொண்டு உயிர் பிழைக்கும் ஒற்றை நகர்வுகளை வரிசையாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க அரசு கியூபா செல்ல அனுமதிக்காததால், 1965-ஆம் ஆண்டு ஹவானா போட்டியை நியூயார்க்கிலிருந்து தொலைத்தட்டச்சு வழியாக ஆடிய பாபி ஃபிஷர், பல்கேரியரான ட்ரிங்கோவுக்கு எதிராக இந்தச் சிப்பாயை உண்டார். வெள்ளை ஈ6-இல் குதிரையைப் பலியிட்டு ராணியை எஃப்7 வரை கொண்டுசென்று வெற்றிக்கு அருகில் இருப்பதாகத் தோன்றிய நேரத்தில், ஊர் சுற்றிய கறுப்பு ராணி சி5-க்கு வந்து செக் கொடுத்தது. 22-ஆவது நகர்வோடு ட்ரிங்கோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆயினும் இந்தக் கிளையின் வரலாற்றில் நின்று நிதானித்துப் பார்க்கத் தக்க நகர்வு ஃபிஷருடையது அன்று, ஃபிஷருக்கு எதிராக ஆடப்பட்டது. 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் உலகப் பட்டத்துக்காக அவர் போரிஸ் ஸ்பாஸ்கியுடன் மோதியபோது, ஏழாவது ஆட்டத்தில் நச்சுச் சிப்பாயை உண்டு சமநிலையில் முடித்தார். பத்து ஆட்டங்கள் முடிந்தபோது ஃபிஷர் 6.5, ஸ்பாஸ்கி 3.5 என்ற நிலையில், பதினோராவது ஆட்டத்தில் அதே சிப்பாயை மீண்டும் உண்டார். ஸ்பாஸ்கி யானையை பி1-க்குக் கொண்டுவராமல் குதிரையை பி3-இல் நிறுத்தி, ராணி ஏ3-க்கு ஒதுங்கியதும் மந்திரியால் எஃப்6 குதிரையை வெட்டினார். ஜி சிப்பாய் திருப்பி வெட்டியதால் கறுப்பு ராஜாவின் பக்கம் சிதைந்தது. பிறகு அவசரமின்றி மந்திரியை ஈ2-வில் வைத்து, கேஸ்லிங் செய்து, ராஜாவை எச்1 மூலைக்கு நகர்த்திக்கொண்டார்.

பதினான்காவது நகர்வில் ஸ்பாஸ்கி சி3-இல் நன்றாக அமர்ந்திருந்த குதிரையைத் தூக்கி, ஆட்டம் தொடங்கும்போது அது நின்ற பி1 கட்டத்திலேயே திரும்ப வைத்தார். ஒரு சிப்பாயை இழந்து நேரத்தை வாங்கியவர், வாங்கிய நேரத்தைத் தாமே திருப்பிக் கொடுப்பதுபோல் இது தோன்றும். சி3-க்குப் போக ஒரு நகர்வு, திரும்பிவர ஒரு நகர்வு என இரண்டு நகர்வுகள் வீணாயின என்று புத்தகப் பாடம் மட்டும் படித்தவர் சொல்லக்கூடும். பலகையைப் பார்த்தால் பொருள் விளங்குகிறது. பி1-இல் நிற்கும் குதிரை ஏ3 கட்டத்தைத் தாக்குகிறது. அங்கே நிற்பது கறுப்பு ராணி. கறுப்பு ராஜா நடுவில் சிக்கியிருந்ததாலும், அப்போது வெள்ளையை மிரட்டும் கறுப்புக் காய் எதுவும் இல்லாததாலும், பின்வாங்கும் நேரம் வெள்ளையிடம் தாராளமாக இருந்தது. ராணி பி4-க்கு ஓடி ராணி மாற்றத்துக்கு அழைக்க, ஸ்பாஸ்கி அதை ஏற்காமல் தம் ராணியை ஈ3-க்கு விலக்கி, தப்பிய ராணியை மீண்டும் துரத்தும் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பிய அந்தக் குதிரை சில நகர்வுகளில் டி2 வழியே மறுபடியும் களத்துக்கு வந்தது. 24-ஆவது நகர்வில் ஏ4 என்று ஓரச் சிப்பாய் முன்னேறியபோது, பி5-இல் நின்ற கறுப்பு ராணிக்குப் போக இடமே இல்லை. சிப்பாயை உண்ட ராணி ஒரு சிப்பாயின் கையிலேயே வீழ்ந்தது. வெள்ளையின் 31-ஆவது நகர்வைக் கண்டு ஃபிஷர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பதினைந்தாவது ஆட்டத்தில் இதே நிலை வந்தபோது அவர் ராணியை பி6-க்கு அனுப்பவில்லை. மந்திரியை ஈ7-இல் வைத்துத் திருப்தி அடைந்தார்.

ஃபிஷருக்குப் பின் இந்தக் கிளை கைவிடப்படவில்லை. கணினிகள் வந்தபின் அவை இதைக் கிளை கிளையாகத் தோண்டி, பலிக்கு மேல் பலி கொடுத்த வெள்ளை இடைவிடாத செக் மூலம் சமநிலை பெறும் முடிவுகள் பலவற்றைக் கண்டுபிடித்தன. கறுப்புக்கு இது நம்பத்தக்க ஆயுதம் என்று நிலைநாட்டியவர்களுள் பிரான்சின் மாக்சிம் வாஷியே-லக்ராவ் முதன்மையானவர். 2020 மார்ச்சில் ரஷ்யாவின் எகாத்தரின்பர்க் நகரில் நடந்த, உலகப் பட்டத்துக்கு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி பெருந்தொற்றால் ஏழு சுற்றுகளோடு நிறுத்தப்பட்டபோது அவர் கூட்டாக முன்னணியில் இருந்தார். 2021 ஏப்ரலில் போட்டி மீண்டும் தொடங்கிய எட்டாவது சுற்றில், அவர் வழக்கம்போல் பி2-வை உண்டதும், ஃபேபியானோ கரூவானா வீட்டிலேயே ஆயத்தம் செய்து கொண்டுவந்த காய்ப்பலியை அவர் முன் வைத்து, நீண்ட போராட்டத்துக்குப் பின் வென்றார்.

இந்தச் செய்திகளிலிருந்து பல பயிற்சியாளர்கள் தவறான முடிவுக்கு வந்துவிடுகின்றனர் என்பது வருந்தத்தக்கது. கணினி காட்டும் இருபது நகர்வுகளை அப்படியே மனப்பாடம் செய்யவைத்து, பத்து வயது நிரம்பாத பிள்ளைகளை இந்தக் கிளைக்குள் அனுப்பிவிடும் வழக்கம் பெருகியுள்ளது. எதிரில் இருப்பவர் எட்டாவது நகர்வில் ஏ3 என்று ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டால், மனப்பாடம் செய்த பிள்ளை வழக்கப்படி பி2-வை உண்டு, அடுத்த நகர்விலேயே ராணியைப் பறிகொடுக்கும். வாசல் எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கற்ற பிள்ளை அந்தத் தவறைச் செய்யாது. இந்தக் கிளையை ஆட விரும்பாதவருக்கு மாற்று வழிகளும் உண்டு: கறுப்பு ஏழாவது நகர்வில் மந்திரியை ஈ7-இல் வைக்கலாம், வெள்ளை எட்டாவது நகர்வில் குதிரையை பி3-க்குப் பின்னிழுத்து பி2-வைக் காத்துக்கொள்ளலாம். இவற்றைக் கோழைத்தனம் என்று பிள்ளைகளிடம் சொல்லும் பழக்கமும் நிற்க வேண்டும்.

ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யத்தக்கது எளிது. ரெய்க்யாவிக் பதினோராவது ஆட்டத்தைப் பதின்மூன்றாவது நகர்வு வரை மரப்பலகையில் வைத்துவிட்டு, கணினியை அணைத்து, அடுத்த நகர்வைச் சொல்லாமல், வெள்ளைக் காய்களைப் பிள்ளையின் பக்கம் திருப்பி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.