தன்னலமின்மையும் சிரத்தையின்மையும்

ஆங்கிலத்தில் டிஸ்இன்டரஸ்டெட், அன்இன்டரஸ்டெட் என இரண்டு பதங்கள் உண்டு. இரண்டும் ஒன்றே எனக் கருதுவோர் பலர்; ஆங்கிலேயரிலும் அவ்வாறு எழுதுவோர் உளர். 17-ஆம் நூற்றாண்டில் இவை பொருள் மாறி வழங்கியதும் மெய்யே. ஆயினும் இவற்றின் பேதத்தைக் காப்பது அவசியம் என்போம். முன்னது, ஒரு விஷயத்தில் சுயலாபம் இல்லாதவனைக் குறிக்கும். பின்னது, அவ்விஷயத்திலேயே சிரத்தை இல்லாதவனைக் குறிக்கும்.

நியாயாசனமே இதற்கு உரைகல். இங்கிலாந்தின் லார்டு சான்ஸலர் காட்டன்ஹாம் பிரபு, தாம் பங்குதாரராயிருந்த கிராண்ட் ஜங்ஷன் கால்வாய்க் கம்பெனிக்குச் சாதகமான தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தார். 1852-இல் பிரபுக்கள் சபை அவர் உத்தரவை ரத்து செய்தது. அவரது நேர்மையை எவரும் சந்தேகிக்கவில்லை. வழக்கில் அவருக்குச் சொந்த லாபம் கலந்திருந்தது என்பதே ஆட்சேபம். அதற்காக, சாட்சி விசாரணையில் தூங்கி வழியும் நீதிபதியை யார் வேண்டுவர்? நீதிபதிக்கு லாபம் கூடாது. சிரத்தையோ அவசியம் வேண்டும்.

பொதுஜன ஊழியனுக்கும் இதுவே விதி. இரு பதங்களையும் ஒன்றாக்கினால், எதிலும் கலவாது ஒதுங்கி நிற்பவன் நடுநிலையாளன் என்று பெயர் வாங்கிவிடுவான். அப்பெயரை அவனுக்கு நாம் அளியோம்.