கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பவளத்திட்டு

பவளம் என்பது கடற்சாமந்தியின் உறவான சிறு விலங்குகளின் கூட்டம். அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் இந்தப் பாசிகள் தயாரிக்கும் சர்க்கரைதான் பாறை கட்டும் பவளங்களுக்குப் பெரும்பகுதி உணவு. நல்ல வெளிச்சம், கழிவு குறைந்த தெளிந்த நீர், ஓயாத நீரோட்டம், எலும்புக்கூடு கட்டச் சுண்ணாம்புச் சத்து ஆகிய நான்கையும் வீட்டுத் தொட்டியில் நாள் தவறாமல் தருவதே பவள வளர்ப்பு.

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழ்களையும் மட்டுமே கொண்டு தொட்டியில் பவளம் வளர்த்த முறையை எழுதி வெளியிட்டார். துளைகள் நிறைந்த அந்தப் பாறைகளில் வாழும் பாக்டீரியாக்களே நீரைச் சுத்தம் செய்தன. பின்னர் பெர்லின் நகர ஆர்வலர்கள் இதனோடு பலமான விளக்கையும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் சேர்த்தனர். ஸ்கிம்மர் நீருக்குள் நுண்குமிழ்களைப் பாய்ச்சுகிறது. கரைந்திருக்கும் கரிமக் கழிவு குமிழ்களில் ஒட்டி நுரையாகத் திரண்டு மேலே உள்ள கிண்ணத்தில் வழிந்து சேர்கிறது. இன்றைய வீட்டுத் தொட்டிகள் பலவற்றுக்கும் பெர்லின் முறையே அடிப்படை.

தொட்டி அமைப்பதில் முதல் வேலை நீர். குழாய் நீரில் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் செம்பும் கலந்திருக்கலாம் என்பதால், ஆர்.ஓ. கருவியிலும் அயனி நீக்கியிலும் வடித்த நீரில்தான் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். ஒப்படர்த்தி 1.025 அளவிலும் வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள்ளும் இருப்பது நல்லது. நம் ஊர்க் கோடையில் குளிர்விக்கும் கருவி இல்லாமல் இது பெரும்பாலும் நடக்காது. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த மட்டத்தை உப்பு நீரால் நிரப்பக்கூடாது. வடித்த நல்ல நீரையே சேர்க்க வேண்டும்.

அடுத்தது காத்திருப்பு. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உருவாகும் அம்மோனியா நஞ்சு. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இவை பாறையில் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனை காட்டும்வரை எந்த உயிரையும் விடக்கூடாது. அவசரப்பட்டு விடுவது அந்த உயிர்களுக்குச் செய்யும் கொடுமை.

பவளம் வளரத் தொடங்கியதும் நீரின் வேதியியல்தான் முழு வேலை. பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்து எலும்புக்கூடு கட்டுகிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் செலவாகும்போது காரத்தன்மை, டி.கே.எச். என்ற அலகில், 2.8 இறங்குகிறது. வழக்கமான 420 மில்லிகிராமில் 20 குறைந்தால் சோதனைக் குப்பி அதை அரிதாகவே காட்டும். ஆனால் 8 டி.கே.எச்.-இல் 2.8 போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதனால்தான் அனுபவசாலிகள் கால்சியத்தைவிடக் காரத்தன்மையை அடிக்கடி அளக்கிறார்கள். 7 ஆனாலும் 9 ஆனாலும் பவளம் பொறுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே திடீரென்று ஏறி இறங்கினால் நுனித் திசு வெளுத்து உரியும். கால்சியம், காரத்தன்மை இரண்டையும் ஈடுகட்டும் பழைய, எளிய வழி தூய கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த தெளிந்த சுண்ணாம்பு நீர். அதன் காரம் மிகக் கடுமையானது. இரவில் சொட்டுச் சொட்டாகவே விட வேண்டும்.

வாரந்தோறும் செய்வது கொஞ்சம்தான்: கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவது, ஸ்கிம்மர் கிண்ணத்தைக் கழுவுவது, பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது. மீன் நோய்க்கான செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றவே கூடாது; அது முதுகெலும்பில்லா உயிர்களைக் கொன்றுவிடும். நோயுற்ற மீனுக்குத் தனித் தொட்டி வேண்டும். பவளத்தின் உறவான ஜோவாந்திட் உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் அவற்றைத் தொடுவதும், அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடுவதும் உயிருக்கே ஆபத்து. மின்வெட்டு நேரும்போது முதலில் தீர்வது ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

பல நாடுகளில் தொட்டியில் வளர்ந்த பவளத்தின் கிளையை நறுக்கி, சிறு கல்லில் ஒட்டிப் புதிய பவளம் வளர்க்கிறார்கள். கடலைத் தொடாத நல்ல வழி இது. இந்தியாவில் நிலை வேறு. பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள திட்டுகளிலிருந்து உயிர்ப் பவளம் எடுப்பது மட்டுமல்ல, கரை ஒதுங்கிய பவளக் கல்லைப் பொறுக்கி விற்பதும் குற்றம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டிய காலத்தில் அங்கே நேர்ந்த சேதம் இன்னும் ஆறவில்லை. இங்குள்ளவர்களுக்கு உகந்தது பீங்கான் பாறை வைத்த கடல்மீன் தொட்டி. கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பண்ணையில் பிறந்த மீனையே கேட்டு வாங்கலாம்.