குளிர்கால வாத்துப் பராமரிப்பு

குளிர்கால வாத்துப் பராமரிப்பு என்பது, நீர் உறையும் அளவிற்கு வெப்பநிலை தாழும் இடங்களில், வீட்டில் வளர்க்கப்படும் வாத்துகளை நலமுடன் காக்கும் முறைகளைக் குறிக்கும். ஈழத்தில் தாரா என்று அழைக்கப்படும் வாத்து, குளிரைத் தாங்குவதில் கோழியை விட வலிமை வாய்ந்தது. நல்ல இறகும் போதிய உணவும் உள்ள வளர்ந்த வாத்து, உறைநிலைக்குக் கீழான வெப்பநிலையையும் எளிதில் தாங்கிக்கொள்ளும். எனினும் குளிர்காலத்தில் வளர்ப்பு வாத்துகள் இறப்பது வழக்கமாகவே உள்ளது. இவ்விறப்புகளுக்குப் பெரும்பாலும் குளிர் நேரடிக் காரணமன்று. உறைந்துபோன குடிநீர், ஈரமான படுக்கை, காற்றோட்டமற்ற கூடு, இரைகொல்லிகள் ஆகியவையே முதன்மையான காரணங்கள் ஆகும்.

காட்டு வாத்தும் வளர்ப்பு வாத்தும்

காட்டு வாத்துகள் பல, நீர்நிலைகள் உறையும் முன்னரே தெற்கு நோக்கி வலசை செல்கின்றன. சென்னையில் தரமணி, வேளச்சேரி, பெருங்குடி ஆகிய பகுதிகளை ஒட்டியுள்ள பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திற்கு, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்ற வாத்துகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருவது இதனாலேயே. இச்சதுப்பு நிலம் 2022 ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வளர்ப்பு வாத்துக்கு இவ்வழி இல்லை. மணிலா வாத்தைத் தவிர்த்த ஏனைய வளர்ப்பு வாத்தினங்கள் அனைத்தும், ஆண் பறவைக்குப் பச்சை நிறத் தலை கொண்ட அனஸ் பிளாட்டிரிங்கோஸ் என்னும் காட்டு வாத்திலிருந்து தோன்றியவை. இறைச்சிக்காகவும் முட்டைக்காகவும் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டதால், இவற்றுள் பெரும்பாலானவற்றின் உடல் எடை கூடி, பறக்கும் திறன் குறைந்துவிட்டது. வளர்க்க இயலாதவர்கள் தம் வாத்துகளைப் பூங்காக் குளங்களில் விட்டுச் செல்வதுண்டு. இவ்வாறு விடப்பட்ட வாத்துகள், குளம் உறைந்த பின் வேறிடம் செல்ல இயலாமல் பட்டினியாலோ நரி போன்ற விலங்குகளாலோ இறக்க நேரிடும். எனவே, காட்டு வாத்து வலசை மூலம் பெறும் பாதுகாப்பை வளர்ப்பு வாத்துக்கு வளர்ப்பவரே அளிக்க வேண்டியுள்ளது.

உடலியல்

வாத்தின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 முதல் 42 பாகை செல்சியஸ் ஆகும். இவ்வெப்பத்தைக் காக்கும் அமைப்புகள் மூன்று.

முதலாவது இறகுப் போர்வை. வெளி இறகுகளின் நுண்ணிழைகள் கொக்கிகள் போல ஒன்றுடன் ஒன்று பிணைந்து நீரை உட்புக விடாமல் தடுக்கின்றன. அவற்றின் அடியில் உள்ள மென்தூவி காற்றைச் சிறைப்படுத்தி வைக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் உடல் சூடு வெளியேறுவதில்லை. வாலின் அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகுகளில் பூசிக் கோதுவதன் மூலம் வாத்து இப்போர்வையைப் பேணுகிறது.

இரண்டாவது, கால்களில் உள்ள எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம். உடலிலிருந்து பாதத்திற்குச் செல்லும் தமனிகளும், பாதத்திலிருந்து திரும்பும் சிரைகளும் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. கீழ் நோக்கிச் செல்லும் சூடான குருதி, மேல் நோக்கி வரும் குளிர்ந்த குருதிக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. இதனால் பாதம் உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பநிலையிலேயே இயங்குகிறது. பனியில் நிற்கும் வாத்தின் பாதத்தின் வழியே சிறிதளவு வெப்பமே இழக்கப்படுகிறது.

மூன்றாவது, தோலின் கீழ் உள்ள கொழுப்புப் படலம். குளிர்காலத்திற்கு முன்னர் போதிய உணவு கிடைத்தால் மட்டுமே இது உருவாகும்.

இம்மூன்றில் இறகுப் போர்வை கெட்டால் மற்ற இரண்டும் போதா. நனைந்த இறகில் காற்று தங்காது. சேறும் எச்சமும் படிந்த இறகு நீரை விலக்காது. ஆகவே வாத்தை உலர்ந்த, தூய நிலையில் வைத்திருப்பதே குளிர்காலப் பராமரிப்பின் அடிப்படை ஆகும்.

இனங்களின் வேறுபாடு

பெக்கின் போன்ற கனமான இனங்கள் குளிரை நன்கு தாங்கும். இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட காக்கி கேம்பெல் இனமும் குளிர்ப் பகுதிகளுக்கு ஏற்றதே. ஒல்லியான உடலமைப்புக் கொண்ட இந்திய ஓட்ட வாத்திற்குக் கொழுப்பு குறைவு என்பதால் கூடுதல் கவனம் தேவை. தமிழகத்தில் மணிலா வாத்து எனப்படும் இனம் நடு, தென் அமெரிக்காவின் வெப்ப மண்டலத்தைத் தாயகமாகக் கொண்டது. இதன் முகத்தில் இறகற்ற சிவந்த தசை முடிச்சுகள் உள்ளமையால், அவை உறைபனியால் எளிதில் பாதிக்கப்படும்.

தங்குமிடம்

பெரும்பாலான வளர்ப்பு வாத்துகள் கோழிகளைப் போல் பரண் ஏறுவதில்லை; தரையிலேயே உறங்குகின்றன. ஆதலால் தரையின் தன்மை முக்கியமானது. ஒரு வாத்திற்குக் குறைந்தது நான்கு சதுர அடி இடம் வேண்டும். தரையில் அரை அடி அளவிற்கு வைக்கோல் பரப்புதல் நன்று. வைக்கோலின் தண்டு உள்ளீடற்றது என்பதால் அது காற்றைச் சிறைப்படுத்தி வெப்பத்தைக் காக்கிறது. ஈரமான அல்லது பூஞ்சை பிடித்த வைக்கோலையும் புல்லையும் பயன்படுத்தக் கூடாது. அவற்றிலுள்ள ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் நுண்வித்துகள் வாத்தின் நுரையீரலைத் தாக்கி இறப்பை ஏற்படுத்தக் கூடியவை.

குளிருக்கு அஞ்சிக் கூட்டின் எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுவது பரவலாகக் காணப்படும் தவறாகும். வாத்தின் எச்சத்தில் பெரும்பகுதி நீரே. மூச்சிலும் ஈரம் வெளியேறுகிறது. காற்று வெளியேற வழியில்லாவிடில் இவ்வீரம் சுவரிலும் இறகிலும் படிகிறது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வளி கண்களையும் மூச்சுக் குழாயையும் அரிக்கிறது. எனவே வாத்தின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டிக் காற்றுத் துளைகள் திறந்திருக்க வேண்டும். வாத்து படுத்திருக்கும் உயரத்தில் மட்டும் காற்று வீசாதவாறு அடைக்க வேண்டும். காலையில் கூட்டின் உட்சுவரில் நீர்த்துளிகளோ பனிப்படலமோ காணப்பட்டால் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம்.

வளர்ந்த வாத்துகளுக்குப் பொதுவாகச் செயற்கை வெப்பம் தேவையில்லை. உலர்ந்த வைக்கோலின் மேல் தொங்கவிடப்படும் வெப்ப விளக்குகள் தீ விபத்திற்குக் காரணமாகின்றன. மூடிய கூட்டினுள் கரியடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு நச்சால் பறவைகள் இறக்கும்.

குடிநீர்

குளிர்காலத்தில் மிகுந்த உழைப்பைக் கோருவது குடிநீரே. வாத்து உலர் தீவனத்தை நீருடன் சேர்த்தே விழுங்குகிறது. நீரின்றித் தீவனம் மட்டும் வைத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆகவே நீரும் தீவனமும் சேர்ந்தே இருத்தல் வேண்டும். இரவில் நீரை எடுத்துவிட்டால் தீவனத்தையும் எடுத்துவிட வேண்டும். பனியைத் தின்று வாத்து தாகம் தீர்த்துக்கொள்ளும் என்று எண்ணுவது சரியன்று. பனியை உடலில் உருக்கவே பெருமளவு ஆற்றல் செலவாகும்.

பாத்திரம், வாத்து தன் தலையை மூழ்கவைக்கும் அளவிற்கு ஆழமாக இருக்க வேண்டும். மூக்குத் துளைகளையும் கண்களையும் அது நீரில் அமிழ்த்தியே தூய்மை செய்கிறது. ரப்பர்த் தொட்டிகள் உறைந்தாலும் உடைவதில்லை. கவிழ்த்துத் தட்டினால் பனிக்கட்டி கழன்று விழும். மின்வசதி உள்ள இடங்களில் சூடேறும் பாத்திரங்கள் பயன்படுகின்றன. இவ்வசதி இல்லாதோர் நாளுக்கு இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீரை மாற்ற வேண்டும். உறைவதைத் தடுக்க நீரில் உப்புச் சேர்த்தல் பறவைக்கு நஞ்சாகும். வாகனங்களில் பயன்படும் உறைதடுப்பு நீர்மங்கள் அதனினும் கொடிய நஞ்சுகள். நீர்ப் பாத்திரத்தைக் கூட்டிற்கு வெளியே வைத்தால் படுக்கை நனையாது.

குளமும் நீச்சலும்

நீர் 4 பாகை செல்சியஸில் மிகுந்த அடர்த்தி கொண்டது. அதனினும் குளிர்ந்த நீர் மேலே மிதப்பதால் குளம் மேற்பரப்பிலிருந்தே உறையத் தொடங்குகிறது. வெளியில் காற்று −15 பாகையாக இருக்கும்போதும் உறையாத நீரின் வெப்பநிலை 0 பாகையை ஒட்டியே இருக்கும். ஆதலால் நல்ல இறகுள்ள வாத்துக்கு நீந்துவதால் தீங்கில்லை. குளிப்பது இறகைத் தூய்மையாக்கவும் உதவுகிறது.

ஆபத்து இரு வகையில் வருகிறது. பனித் துளை ஒன்றில் மூழ்கிய வாத்து, மீண்டு வர வழி தெரியாமல் பனிக்கட்டியின் அடியில் சிக்கிக்கொள்ளலாம். மேலும், குளத்தின் நடுவில் பாதுகாப்பாக இருந்த வாத்துகளை, உறைந்த பரப்பின் மேல் நடந்து வந்து நரி பிடித்துவிடும். ஆகவே குளம் உறையத் தொடங்கினால், வாத்துகளைக் கரைக்கு அழைத்து, சிறு தொட்டியில் நண்பகலில் குளிக்க விடுவது பாதுகாப்பானது. குளித்த பின் கோதி உலர, காற்றுப் படாத வைக்கோல் பரப்பிய இடம் வேண்டும். கடுங்காற்று வீசும் நாட்களில் குளியலைத் தவிர்க்கலாம்.

தீவனம்

உடல் வெப்பத்தைக் காக்க வாத்து குளிர்காலத்தில் கூடுதலாக உண்ணும். வழக்கமான சரிவிகிதத் தீவனத்துடன், மாலையில் சிறிதளவு உடைத்த மக்காச்சோளம் அளிப்பது வழக்கம். இரவில் அது செரிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. சோளத்தையே முழு உணவாக அளித்தால் புரதமும் உயிர்ச்சத்துகளும் குறைந்துபோகும். குறிப்பாக, கோழியை விட வாத்திற்கு நயாசின் என்னும் உயிர்ச்சத்து அதிகம் தேவை. இது குறைந்தால் குஞ்சுகளின் கால்கள் வளைந்து வலுவிழக்கும். புல், நீர்த்தாவரங்கள் கிடைக்காத காலத்தில் கீரை, முட்டைக்கோசு முதலியவற்றை நறுக்கி அளிக்கலாம்.

பூஞ்சை பிடித்த தீவனத்தை எக்காரணம் கொண்டும் அளிக்கக் கூடாது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெரும் எண்ணிக்கையில் வான்கோழிகளும் வாத்துக் குஞ்சுகளும் இறந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தமை பின்னர் தெரியவந்தது. அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டது இவ்வாறே. இந்நஞ்சுக்கு மிக எளிதில் இலக்காகும் பறவைகளுள் வாத்துக் குஞ்சும் ஒன்று.

முட்டையும் குஞ்சுகளும்

பகல் குறுகும்போது முட்டையிடுதலும் குறையும். 14 மணி நேரத்திற்கு மேல் ஒளி கிடைக்குமாறு விளக்கு வைத்தால் முட்டையிடுதல் தொடரும். செல்லமாக வளர்ப்போர் இதனைத் தவிர்த்து வாத்துக்கு ஓய்வளிக்கலாம். வாத்துகள் பெரும்பாலும் விடியலுக்கு முன்னரே முட்டையிடுகின்றன. உறைந்த முட்டை விரிந்து ஓடு வெடித்துவிடும் என்பதால் காலையிலேயே சேகரிக்க வேண்டும்.

குஞ்சுகளின் தூவி நீரை விலக்காது. தாயின் அணைப்பில்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 32 பாகை வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு மூன்று பாகை வீதம் குறைக்கலாம். முழுமையாக இறகு முளைக்கும் வரை அவற்றைக் குளிரில் விடக்கூடாது.

நோய்களும் அறிகுறிகளும்

* பாத வீக்கம்: உறைந்த கரடுமுரடான தரையில் நடப்பதால் பாதத்தில் காயம் ஏற்பட்டு, அதன் வழியே கிருமி புகுந்து கட்டி உண்டாகும். நடைபாதையில் வைக்கோல் பரப்புவது இதனைத் தடுக்கும்.
* உறைபனிக் காயம்: பாதமோ முகத் தசையோ வெளிறி, பின்னர் கருமையடையும். தேய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் மெல்லச் சூடேற்றிக் கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.
* ஈர இறகு: நீரிலிருந்து வெளிவந்தும் உலராமல் நடுங்கும் வாத்தை உடனே வீட்டினுள் கொண்டுசென்று உலர்த்த வேண்டும்.

ஒற்றைக் காலில் நிற்பதும், அலகை முதுகு இறகில் புதைத்துக்கொள்வதும் இயல்பானவை. ஆனால் எழாமல் படுத்திருப்பது, உண்ணாமை, தொடர் நடுக்கம் ஆகியவை நோயின் அறிகுறிகள்.

குளிர்காலம் பறவைக் காய்ச்சலின் காலமும் ஆகும். வலசை வரும் நீர்ப்பறவைகள் வழியே இது பரவுகிறது. கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் 2014 நவம்பரில் எச்5என்1 வகையும், 2021 ஜனவரியில் எச்5என்8 வகையும் வாத்துகளைத் தாக்கின. ஏராளமான வாத்துகள் அழிக்கப்பட்டன. இங்கிலாந்தில் 2016 டிசம்பரில், வளர்ப்புப் பறவைகளைக் காட்டுப் பறவைகளிடமிருந்து பிரித்து வைக்க ஆணையிடப்பட்டது. இத்தகைய காலங்களில் குளத்தில் நீந்த விடாமல், வலையிட்ட கூரையுள்ள இடத்தில் வாத்துகளை வைக்க வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் பல பறவைகள் இறந்தால் அவற்றை வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் உறைகுளிரில் வாத்து வளர்க்கப்படும் பகுதிகளுள் காஷ்மீர் பள்ளத்தாக்கு குறிப்பிடத்தக்கது. தால், ஊலர் ஏரிகளை ஒட்டி வாழும் மக்கள் வாத்துகளையும் பெருவாத்துகளையும் வளர்க்கின்றனர். டிசம்பர் 21 இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர்க் காலம் அங்கு சில்லைக் கலான் எனப்படுகிறது. ஸ்ரீநகரில் 2021 ஜனவரி இறுதியில் வெப்பநிலை −8.8 பாகை செல்சியஸாகத் தாழ்ந்தது. தால் ஏரி உறையும் நாட்களில் படகோட்டிகள் துடுப்பால் பனியை உடைத்தே வழி உண்டாக்குகின்றனர்.

தமிழ்நாட்டின் சமவெளியில் உறைநிலை ஏற்படுவதில்லை. இங்கு சன்னியாசி, கீரி என்று வழங்கும் நாட்டு வாத்துகள், அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சலாக வளர்க்கப்படுகின்றன. நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகிறது. சென்னை போன்ற இடங்களில் வாத்து வளர்ப்போர்க்குக் குளிரை விட வடகிழக்குப் பருவமழையின் ஈரமே சிக்கலானது. உலர்ந்த படுக்கை, மேலே காற்றோட்டம், பூஞ்சையற்ற தீவனம் என்னும் மேற்கூறிய விதிகள் மழைக்காலத்திற்கும் அப்படியே பொருந்தும்.

புலம்பெயர்ந்த தமிழர் பலர் வாழும் குளிர் நாடுகளில், வாத்து வாங்கும் முன் உள்ளூர்ச் சட்டத்தை அறிந்துகொள்வது இன்றியமையாதது. எடுத்துக்காட்டாக, கனடாவின் டொராண்டோ மாநகரச் சட்டம் வாத்துகளை வளர்க்கத் தடைசெய்யப்பட்ட விலங்குகளின் பட்டியலில் வைத்துள்ளது. அனுமதி உள்ள இடங்களிலும், வாத்து கூட்டமாக வாழும் பறவை என்பதால் இரண்டிற்குக் குறையாமல் வளர்க்க வேண்டும். குளிர் இரவுகளில் அவை ஒன்றையொன்று ஒட்டிப் படுத்து வெப்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.