'டேபிள்' என்னும் ஆங்கிலப் பதம்

ஆங்கில பாஷையைப் பயில்வோர்க்கு அருஞ்சொற்கள் அத்துணை இடர் விளைப்பதில்லை. அவற்றிற்கு அகராதி துணையாகும். நன்கறிந்தோமென்று எண்ணி அகராதியைத் திறவாமலே விட்டுவிடும் எளிய சொற்களே நம்மை இடறச் செய்கின்றன. அவற்றுள் ஒன்றாகிய 'டேபிள்' என்னும் பதத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மேசை என்பதே இதன் பொருளென்று சிறாரும் கூறுவர். (மேசையும் நமது சொல்லன்று, போர்ச்சுகீசியர் கொணர்ந்தது.) ஆயின் இதற்கு மூலமாகிய 'டாபுலா' என்னும் லத்தீன் பதம் பலகையையே குறித்தது. ரோமர் எழுதுவதற்குக் கொண்ட மெழுகு பூசிய பலகையும் டாபுலா. சட்டம் பொறித்த பலகையும் டாபுலா. கி. மு. 450-ஐ ஒட்டித் தோன்றிய அவர்தம் பழஞ்சட்டத் தொகுதி ஆங்கிலத்தில் 'டுவெல்வ் டேபிள்ஸ்' எனப்படும். அதனைப் பன்னிரண்டு மேசைகள் என்று மொழிபெயர்க்கும் மாணாக்கன் ரோமாபுரியின் சட்டத்தைத் தச்சுப்பட்டறை ஆக்கிவிடுவான்!

பலகையில் வரிசைபட எழுதியதும் டேபிள் ஆயிற்று. பெருக்கல் வாய்பாட்டிற்கும், மெண்டெலீவ் 1869-இல் வெளியிட்ட தனிமங்களின் அட்டவணைக்கும் இப்பெயர் வந்தது இவ்வாறே. பலகையின் தட்டையான வடிவை நோக்கிப் பீடபூமியை 'டேபிள்லாண்ட்' என்றனர். நிலத்தடி நீர்மட்டம் 'வாட்டர் டேபிள்' ஆயிற்று. சிறு பலகை 'டாப்லெட்'. அப்பெயர் பின்னர் மாத்திரைக்கும் வழங்கலாயிற்று.

உணவைப் பற்றிய வழக்கு சுவையானது. ஒருவர் நல்ல டேபிள் வைத்திருக்கிறார் எனின், அவர் வீட்டு மரச்சாமானைப் புகழ்ந்ததாகாது. அவர் இடும் விருந்தைப் புகழ்ந்ததாகும். கலியாண வீட்டில் எத்தனை இலை என்று நாம் வினவும்போது, இலையையா எண்ணுகிறோம்? உண்டவரையன்றோ! உணவு மேசைக்குப் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய சொல் 'போர்ட்' என்பதாம். நமது மாணாக்கர் உண்டு உறையும் 'போர்டிங்' அச்சொல்லின் வழித்தோன்றலே என்பதை எத்தனைபேர் அறிவர்?

இனி, இப்பதம் வினைச்சொல்லாகும்போது விளையும் குழப்பத்தைக் காண்போம். பிரிட்டிஷ் சபைகளில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்தலாவது, அதனை விவாதத்திற்குக் கொணர்தல். அமெரிக்காவிலோ அதனை எடுக்காது ஒதுக்கிவைத்தல். மேசைமீது வைத்தல் என்பதை முன்னவர், யாவரும் காண வைத்தல் எனக் கொண்டனர். பின்னவர், தொடாமல் கிடக்க விடுதல் எனக் கொண்டனர்.

1941 டிசம்பரில், யுத்தத்தின் நெருக்கடியான வேளையில், இரு நாட்டுப் படைத்தலைவர்களும் வாஷிங்டனில் கூடினர். அவசரமென்று தாம் கருதிய குறிப்பொன்றை 'டேபிள்' செய்ய வேண்டுமெனப் பிரிட்டிஷார் கூறினர். அது முக்கியமானது, டேபிள் செய்யலாகாது என அமெரிக்கர் மறுத்தனர். நெடுநேரம் கசப்பான வாதம் நிகழ்ந்த பின்னரே இரு திறத்தாரும் வேண்டியது ஒன்றே என்பது விளங்கிற்றாம். சர்ச்சில் தமது யுத்த சரித்திரத்தில் இதனை எழுதியிருக்கிறார். பாஷை வேறாயிருப்பின் இடையே மொழிபெயர்ப்பாளர் இருந்திருப்பார். பாஷை ஒன்றாயிருந்தமையாலன்றோ இந்த வில்லங்கம்!

நமது பாராளுமன்றத்திலும் அறிக்கைகள் சபையின் மேசைமீது வைக்கப்படுவது, உறுப்பினர் அவற்றைக் காண்பதற்கேயாம். இவ்வழக்கிற் பழகிய நாம், அமெரிக்கப் பத்திரிகையில் ஒரு மசோதா 'டேபிள்' செய்யப்பட்டதெனப் படித்து, அது விவாதத்திற்கு வந்ததென விடைத்தாளில் எழுதுவோமாயின், நிகழ்ந்ததற்கு நேர்மாறானதை எழுதியவராவோம்.