பழைய தானுந்துகளில் பழுதுபார்ப்பு முன்னுரிமை

பழைய தானுந்துகளில் பழுதுபார்ப்பு முன்னுரிமை என்பது, பல பழுதுகள் ஒருசேர உள்ள பழைய வண்டி ஒன்றில் எவற்றை முதலில் சரிசெய்வது, எவற்றைத் தள்ளிவைப்பது என்று முடிவு செய்யும் முறையாகும். முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடிய வண்டியில் பெரும்பாலான பகுதிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் முதுமை அடைகின்றன. அனைத்தையும் ஒரே தடவையில் புதுப்பிக்கத் தேவையான பணமும் உதிரிப்பாகங்களும் பெரும்பாலான உரிமையாளர்களிடம் இருப்பதில்லை. எனவே ஒரு வரிசை தேவைப்படுகிறது. ஒரு பகுதி செயலிழந்தால் விளையும் தீங்கு எவ்வளவு என்பதே இவ்வரிசைக்கு முதன்மை அளவுகோலாகும். தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் போன்ற சரிவான சாலைகளில் இது உயிர் தொடர்பான முடிவாகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் இன்றும் காணப்படும் பழைய தானுந்துகளுள் இந்துசுதான் மோட்டார்சின் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. அம்பாசிடர் பிரித்தானியாவின் மோரிசு ஆக்சுபோர்டு வண்டியையும், பத்மினி இத்தாலியின் பியட் 1100 வண்டியையும் அடிப்படையாகக் கொண்டவை. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நிறுத்தப்பட்டது. பத்மினியின் உற்பத்தி அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே முடிந்துவிட்டது.

உற்பத்தி நின்ற வண்டிகளுக்கான பாகங்கள் எஞ்சிய இருப்பிலிருந்தும், சிறு தொழிற்கூடங்களிலிருந்தும், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளிலிருந்தும் கிடைக்கின்றன. ஒரு பாகம் எளிதில் கிடைக்கிறதா என்பதும் முன்னுரிமையைப் பாதிக்கிறது.

தொப்பூர் கணவாய்

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலை 44இல் (முன்னாள் தேசிய நெடுஞ்சாலை 7) தொப்பூர் கணவாய் அமைந்துள்ளது. தருமபுரி மேட்டுநிலத்திலிருந்து சேலம் செல்லும் வண்டிகள் இங்கு நீண்ட சரிவில் இறங்குகின்றன. எதிர்த்திசையில் வருபவை ஏறுகின்றன. ஆகவே, ஒரே சாலை இறங்கும் வண்டியின் பிரேக்கையும், ஏறும் வண்டியின் குளிர்விப்பு அமைப்பையும் சோதிக்கிறது.

இச்சரிவில் விபத்துகள் பல நடந்துள்ளன. 2020 திசம்பரிலும் 2024 சனவரியிலும் நடந்த விபத்துகளில், இறங்கி வந்த லாரிகள் முன்னால் இருந்த வண்டிகள் மீது மோதியதில் பலர் உயிரிழந்தனர். எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் பழக்கம் இவ்விடத்தில் பெரும் ஆபத்தாகக் கருதப்படுகிறது. கியரில் இறங்கும்போது எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. நியூட்ரலில் அச்சுமை முழுவதும் பிரேக்குகள் மீது விழுகிறது.

முன்னுரிமையின் அடிப்படை

ஒவ்வொரு பழுதையும் பின்வரும் கேள்விகளைக் கொண்டு மதிப்பிடலாம்.

1. இப்பகுதி ஓட்டத்தின்போது செயலிழந்தால் உயிருக்கு ஆபத்து உண்டா?
2. செயலிழக்கும் முன் எச்சரிக்கை தருமா, திடீரென்று கைவிடுமா?
3. இதைத் தள்ளிவைத்தால் வேறு பகுதிகள் கெடுமா?
4. இப்போது செய்யும் வேலையைப் பின்னர் வரும் வேலை வீணாக்குமா?

செலவு பற்றிய கேள்வி இவற்றுக்குப் பின்னரே வருகிறது. முதலிரண்டு கேள்விகளுக்கும் பாதகமான விடை வந்தால், வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைத்துப் பழுதை நீக்குவதே முறையாகும்.

பழுதுகளின் வரிசை

பிரேக், ஸ்டியரிங், டயர்

பழைய வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. நெடிய சரிவில் பிரேக்கை விடாது அழுத்தினால் டிரம் சூடேறி விரிவடைகிறது. லைனிங்கின் உராய்வு குறைகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 தர எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த நிலையில் இவ்வரம்பு 140 பாகையாகக் குறைகிறது. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகிறது. ஆவி அழுத்தத்தில் சுருங்குவதால் மிதி தரை வரை சென்றும் சக்கரம் நிற்பதில்லை. சமவெளியில் குறையற்றதாகத் தோன்றும் பிரேக் கணவாயில் கைவிடுவதற்கு இது ஒரு காரணமாகும்.

பல பழைய வண்டிகளில் பிரேக் எண்ணெய்ச் சுற்று ஒன்றே உள்ளது. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். கம்பிவடத்தால் இயங்கும் கைப்பிரேக் மட்டுமே எஞ்சும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், எண்ணெய் ஆகியவை முதலிடம் பெறுகின்றன. ஸ்டியரிங் இணைப்புகளின் தேய்மானமும் சக்கர பேரிங்குகளும் இவற்றுடன் சோதிக்கப்படுகின்றன.

குறைவாக ஓடும் வண்டிகளில் டயர்கள் தேய்வதற்கு முன்பே முதுமை அடைகின்றன. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்புக் காலத்தைக் காட்டுகிறது. எடுத்துக்காட்டாக, 2315 என்பது 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தைக் குறிக்கும். வெடிப்பு விழுந்த டயர், ஆழமான வரிகள் இருந்தாலும் மாற்றப்பட வேண்டியதே.

தீ விபத்துக்குக் காரணமாகும் பழுதுகள்

எரிபொருள் ஹோஸ்களும் மின்கம்பிகளும் அடுத்த இடத்தில் உள்ளன. இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு படிப்படியாக உயர்ந்து 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இக்கலவைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. அவை உப்பிப் பின்னர் வெடிக்கலாம். சூடான புகைபோக்கிக்கு அருகில் ஏற்படும் சிறு கசிவும் தீயை உண்டாக்கப் போதுமானது. எத்தனாலைத் தாங்கும் புதிய ஹோஸ் ஒப்பளவில் மலிவானது. உறை உதிர்ந்த மின்கம்பிகளும், ஃபியூஸ் இல்லாமல் பின்னர் சேர்க்கப்பட்ட இணைப்புகளும் இதே ஆபத்தை உடையவை.

துருவும் உடற்கட்டும்

அம்பாசிடர், பத்மினி ஆகியவற்றில் தனிச் சட்டகம் இல்லை. உடற்கட்டே சுமையைத் தாங்குகிறது. எனவே தரைத்தகடு, கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி, சஸ்பென்ஷன் பொருத்தப்படும் இடங்கள் ஆகியவற்றில் ஏற்படும் துரு, அழகுக் குறைபாடு என்ற நிலையைக் கடந்து வண்டியின் வலிமையைக் குறைக்கிறது. பட்டி பூசி வண்ணம் அடித்தால் துரு மறையுமேயன்றி நிற்காது. கடற்காற்று வீசும் ஊர்களிலிருந்து தருமபுரி போன்ற உள்மாவட்டங்களுக்கு வாங்கிவரப்படும் வண்டிகளை அடிப்பக்கத்திலிருந்து பார்ப்பது இன்றியமையாதது.

குளிர்விப்பு அமைப்பு

ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ரேடியேட்டரில் ஊற்றினால், அதில் கரைந்துள்ள உப்புகள் குழாய்களில் படிந்து அவற்றை அடைக்கின்றன. வடிநீருடன் கூலன்ட் கலந்து பயன்படுத்துவது இதைத் தவிர்க்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் மிகைச்சூடு அடைந்தால் ஹெட் கேஸ்கட் எரியலாம். பத்மினியின் அலுமினிய ஹெட் வளையவும் கூடும். சில நூறு ரூபாய் ஹோஸைத் தள்ளிவைத்ததால் முழு எஞ்சினையும் பிரிக்க நேர்வது மூன்றாவது கேள்விக்குத் தக்க சான்றாகும்.

எஞ்சின்

எஞ்சின் தேய்மானம் பெரும்பாலும் மெல்ல வளர்வது. புகை, எண்ணெய்ச் செலவு, இழுவைக் குறைவு ஆகியவற்றால் முன்கூட்டியே தன்னை வெளிப்படுத்துகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டு முழுமையாக நிறுத்தப்பட்டது. அதனால் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேயும் என்ற அச்சம் உண்டு. எனினும் வால்வு இடைவெளியை அவ்வப்போது அளந்து இத்தேய்மானத்தைக் கண்காணிக்க முடியும். வேறு காரணத்துக்காக ஹெட்டைக் கழற்றும்போது கடினமான இருக்கைகளைப் பொருத்துவது போதுமானது.

வண்ணமும் உள்ளலங்காரமும்

இவை இறுதியில் வருகின்றன. வண்ணம் அடித்தபின் தகர வேலைக்காகப் பற்றவைக்க நேர்ந்தால் முதற்செலவு வீணாகிறது. நீர் உட்புகுவதைத் தடுக்கும் கண்ணாடி ரப்பர்கள் மட்டும் இதற்கு விலக்கு; அவை துருவைத் தடுப்பதால் முன்னதாகவே மாற்றப்படுகின்றன.

எடுத்துக்காட்டு

பல ஆண்டுகள் கொட்டகையில் நின்ற அம்பாசிடர் ஒன்றைத் தருமபுரியிலிருந்து சேலத்துக்கு ஓட்டிச்செல்ல வேண்டியிருப்பதாகக் கொள்வோம். வண்ணம் மங்கியுள்ளது, இருக்கை கிழிந்துள்ளது, புகைபோக்கியில் நீலப்புகை வருகிறது, ரேடியேட்டர் சொட்டுகிறது, பெட்ரோல் ஹோஸில் வெடிப்பு உள்ளது, பிரேக் மிதியை அழுத்திப் பிடித்தால் மெல்ல இறங்குகிறது.

இவற்றுள் காண்போரை மிகவும் அஞ்சவைப்பது புகையே. ஆனால் எண்ணெய் அளவைக் கவனித்துவந்தால் அது காத்திருக்கக்கூடியது. மெல்ல இறங்கும் மிதியோ மாஸ்டர் சிலிண்டரின் உட்கசிவையோ வேறோர் இடத்தில் உள்ள கசிவையோ குறிக்கிறது; வீதியில் இரண்டு தெரு ஓட்டிப் பார்த்தால் அது தெரியாமலும் போகலாம். எனவே பிரேக்கும் பெட்ரோல் ஹோஸும் சரிசெய்யப்படும் வரை வண்டி சாலைக்கு வரக்கூடாது. டயர்களின் வயதும் அப்போதே பார்க்கப்பட வேண்டும். அடுத்தது ரேடியேட்டர். சேலம் நோக்கிய இறக்கத்தில் அது தாங்கினாலும், திரும்பும் ஏற்றத்தில் தாங்காது. இருக்கையும் வண்ணமும் பின்னர் பார்த்துக்கொள்ளப்படும்.

விதிவிலக்குகள்

ஒரே பகுதியைப் பிரிக்கையில் அருகிலுள்ள பாகங்களையும் சேர்த்துச் செய்வது கூலியை மிச்சப்படுத்துகிறது. கியர்பெட்டியை இறக்கும்போது கிளட்ச் தட்டை மாற்றுவது இவ்வகையைச் சார்ந்தது. கிடைத்தற்கரிய பாகம் ஒன்று சந்தைக்கு வந்தால், பொருத்தும் காலம் வராவிடினும் வாங்கிவைப்பது உண்டு. எனினும் அதற்காகப் பிரேக்குக்கு ஒதுக்கிய பணத்தைச் செலவிடுவது முறையன்று.

சட்டமும் அசல்தன்மையும்

இந்தியாவில் தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்கு உட்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகிறது. 2021 சூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, அசல் நிலையில் பேணப்பட்டு, பெரும் மாற்றங்களுக்கு உள்ளாகாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைத் தொன்மை வண்டிகள் என வரையறுத்தது. இவற்றின் பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் இவற்றைச் சாலையில் ஓட்ட இயலாது.

பன்னாட்டுத் தொன்மை வண்டிகள் கூட்டமைப்பு 2013இல் ஏற்ற துரின் சாசனம், பழைய பாகங்களை இயன்றவரை பேணி, தேவையான அளவுக்கே தலையிட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பாதுகாப்பு சார்ந்த பழுதுகளை முதலில் நீக்கி, தோற்றம் சார்ந்த மாற்றங்களைப் பொறுமையாக அணுகும் வரிசை இக்கொள்கையுடனும் பொருந்துகிறது. மங்கிய அசல் வண்ணத்தைப் பின்னரும் புதுப்பிக்கலாம். சுரண்டி எடுத்த அசல் வண்ணத்தை மீட்க இயலாது.