பொற்கலமும் பொருநனும்: பொருநராற்றுப்படையில் மது வழங்கும் முறை

சங்கப் பாடல்களில் மது வழங்கும் காட்சி அரசனின் செல்வச்செழிப்பைக் காட்டுவது என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. அக்காட்சி யாருக்காக நிகழ்கிறது என்பதும் கருதத்தக்கது.

புறநானூற்று 56ஆம் பாடலில், யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, பாண்டியன் நன்மாறன் அருந்துகிறான். தேறலின் வரவும் மணமும் அங்குச் சிறப்பிக்கப்படுகின்றன.

முடத்தாமக்கண்ணியார் சோழன் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் பொற்கலம் இரவலன் கைக்கு வருகிறது. ஈரும் பேனும் குடிகொண்ட அவனது கந்தலைக் களைந்து, பாம்புரி போன்ற நுண்ணிய ஆடையை அரசன் முதலில் அளிக்கிறான். அதன் பின்னர், அணிகலன் பூண்ட மகளிர் இன்முறுவலுடன் கலம் நிறையப் பன்முறை வார்க்கின்றனர். மதுவின் வகையோ சுவையோ கூறப்படவில்லை. கலமும் வார்ப்போரும் இடையறாது வார்த்தலுமே கூறப்படுகின்றன. உண்டவனின் வருத்தம் நீங்குகிறது.

வேலிக்கு ஆயிரம் என விளையும் காவிரிநாட்டைப் போற்றி இந்நூல் முடிகிறது. அந்நாட்டு வளம் வறியவனின் கலத்தில் குறையாது நிறைவதையே இக்காட்சி உணர்த்துகிறது எனலாம். ஆகவே, நன்மாறனுக்கு உரிய இன்பமாகப் பாடப்பட்ட பொற்கலம், கரிகாலனிடத்தில் விருந்தினனை உயர்த்தும் மதிப்பாகிறது.