பாம்பில்லாத மலையில் ஒரு பாம்புப் பாடம்

முழங்கால் உயரப் புல். உள்ளே ஏதோ சரசரவென்று ஓடியது. என் கால் தானாக நின்றுவிட்டது. பேத்தியின் கையையும் பிடித்து இழுத்தேன். “என்ன தாத்தா?” என்று விழித்தாள். புல்லுக்குள் எட்டிப் பார்த்தால், ஒரு அரணை!

ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் மகள் வீட்டுக்கு அருகே இருக்கும் எரிமலைக் குன்று அது. மாவோரி மக்கள் அதை மவுங்காரெய் என்கிறார்கள். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் நெருப்பைக் கக்கி அடங்கியது. உச்சிவரை ஏறி இறங்கினாலும் ஒரு பாம்பு கண்ணில் படாது. நியூசிலாந்தில் தரைப்பாம்பே கிடையாது. உயிரியல் பூங்காக்களில்கூட வைப்பதில்லை. கடல்தான் எப்போதாவது ஒன்றைக் கொண்டுவந்து கரையில் போடும்: முதுகு கறுப்பு, வயிறு மஞ்சள், வால் துடுப்புப் போலத் தட்டை. மஞ்சள் வயிற்றுக் கடல்பாம்பு. நம் வங்கக் கடலிலும் இருப்பதுதான். நஞ்சு உண்டு, ஆனால் மணலில் ஊரத் தெரியாமல் தவிக்கும். தானாக வந்து சேர்ந்த உயிர் என்பதால் அதற்கு இங்கே சட்டப் பாதுகாப்பும் உண்டு.

பேத்தி டிசம்பரில் ஊருக்கு வருகிறாள். இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பினங்கள். அத்தனையையும் அவள் படிக்க வேண்டியதில்லை. கடித்து உயிரைப் பறிப்பதில் முன்னால் நிற்பவை நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி கோத்ததுபோல மூன்று வரிசைப் புள்ளிகள். சீறினால் குக்கர் ஆவி விடுவதுபோல இருக்கும். சுருட்டை சின்னது, உடம்பைச் சுருட்டிச் செதிலோடு செதிலை உரசும்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது கட்டுவிரியனிடம்தான். ஓட்டுக் கூரையில் பல்லி தேடி வரும் வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று எண்ணி அடித்துப் போடுகிறோம். அதற்கு நஞ்சே இல்லை. வரையனுக்குப் பட்டை கழுத்திலிருந்தே தொடங்கும், வால் பக்கம் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்கோ கழுத்தருகே பட்டை தெளிவாக இராது; பின்னால் போகப் போகத்தான் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரட்டை இரட்டையாகத் தெரியும். பளபளக்கும் கருநீலம். இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அதிகம் இராது என்பதுதான் ஆபத்து. பட்டையைச் சரிபார்க்க யாரும் கிட்டப் போகக் கூடாது. கடி பட்டால் ஒரே வழி, மாற்று மருந்து இருக்கும் மருத்துவமனை.

அந்த மருந்துக்கான நஞ்சை எடுப்பவர்கள் தமிழ்நாட்டின் வடநெம்மேலியில் உள்ள இருளர் பழங்குடியினர். 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது என் சொந்தக்காரருக்குக் கிடைத்ததுபோல மகிழ்ந்தேன்.

“கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்குமாமே?” என்று மகள் சிரித்தாள். பாவம், அது தவளையும் ஓணானும் தின்று மரத்தில் பிழைக்கிற பிராணி. நம்மைக் கொல்லும் நஞ்சு அதனிடம் இல்லை. சாரையும் நல்லபாம்பும் பிணைவதாகச் சொல்வதும் அப்படித்தான். வரப்பில் முறுக்கிக்கொண்டு எழுபவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள்; மல்யுத்தம் நடக்கிறது.

பேத்திக்காக ஊரில் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்: நெற்குதிருக்கு அடியில் கிடைத்த பாம்புச் சட்டை. வெளிச்சத்தில் பிடித்தால், நடுமுதுகில் ஒரே வரிசையாக அறுகோணச் செதில்கள், பக்கத்துச் செதில்களைவிடப் பெரியவை. அது கட்டுவிரியன் உரித்த சட்டை.